நெஸ்டா கேட்ட இருபத்தோரு டிகிரி

எங்கள் தெருவில் ஒரு சட்டம் உண்டு. யார் போட்டது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது; மீறினால் மட்டும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். குளிர்காலக் கணக்குக்காக நாடே அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைக்கும்வரை எந்த வீட்டிலும் அறைகளைச் சூடாக்கும் ஹீட்டிங் போடக் கூடாது. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்கும், எழுந்திருக்க முடியாத நோயாளி இருக்கிற வீட்டுக்கும் விலக்கு. மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

திருட்டுத்தனமாகப் போடலாம் என்றால் அதுவும் முடியாது. ரோண்டா பள்ளத்தாக்கில் அந்த நாளில் நிலக்கரிச் சுரங்கக்காரர்களுக்காக முதுகோடு முதுகு பார்க்கிற மாதிரி வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகள். நடுவில் ஒரு சந்து. ஒவ்வொரு வீட்டுச் சமையலறைச் சுவரிலிருந்தும், வீட்டையும் தண்ணீரையும் சுடவைக்கும் பாய்லரின் குழாய் அந்தச் சந்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே எரிந்தால் வெளியே வெள்ளை ஆவி கிளம்பும். பாத்திரம் கழுவ வெந்நீர் திறந்தாலும் வரும்தான், ஆனால் அது சற்று நேரத்தில் நின்றுவிடும். காலையிலிருந்து நிற்காமல் வந்தால் எதிர் வரிசையில் ஜன்னல் திரைகள் விலகும்.

இந்தச் சட்டத்துக்கு யாரும் நியமிக்காத காவல்காரர் இட்வால் ப்ராசர். பஸ் டிப்போவில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்த் தேவாலயச் சபையின் ஆண்கள் பாடகர் குழுவில் அடித்தொண்டைக்காரர். அவர் வீட்டு நடையில், கோட்டு மாட்டும் கொக்கிக்குப் பக்கத்தில், வட்டமான ஒரு திருகு இருந்தது. ஹீட்டிங்கைக் கூட்டுவதும் குறைப்பதும் அதில்தான். வெளியே போகும்போது ஒரு தரம், உள்ளே வரும்போது ஒரு தரம், அதைத் தொட்டுப் பார்க்காமல் மனுஷன் நகரமாட்டார். நடுக் குளிர்காலத்தில்கூடப் பதினாறு டிகிரியைத் தாண்ட விடமாட்டார். கேஸ் பில்லுக்குப் பயந்து செய்தார் என்றாலாவது மன்னிக்கலாம். அப்படியும் இல்லை. பென்ஷன் தாராளமாக வந்துகொண்டிருந்தது. வீறாப்பு, அவ்வளவுதான்.

அவர் மனைவி நெஸ்டா குளிருகிறது என்று வாயைத் திறந்தால் போதும்.

"ஸ்வெட்டர் போட்டுக்க."

"ரெண்டு போட்டிருக்கேன், இட்வால்."

"மூணாவது எதுக்கு பீரோவுல தூங்குது?"

முப்பத்தாறு வருஷமாக இதே பேச்சு. நெஸ்டா ஒன்றும் வாயில்லாப் பூச்சி அல்ல. பள்ளத்தாக்கின் கீழ்முனையில் இருந்த சட்டைத் தொழிற்சாலையில் பதினாறு வயதில் சேர்ந்தவள். பெண்கள் கழிப்பறைக்குப் போகும் நேரத்தைச் சூப்பர்வைசர் கணக்குப் பார்த்தபோது மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரையும் வாசலுக்கு நடத்திக்கொண்டு போனவள் அவள். தொழிற்சாலையை மூடிய பிறகு வீட்டு மாடியில் பின்பக்க அறையில் மெஷினைப் போட்டுக் கல்யாண உடுப்புத் தைக்க ஆரம்பித்தாள். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் பெண்கள் தேடி வந்தார்கள். சாட்டின் துணியில் கையால் மணி கோப்பதில் அவளுக்கு இணை கிடையாது. ஆனால் வீட்டுக்குள் நடையிலிருந்த அந்தத் திருகு மட்டும் இட்வாலுடையது என்று எப்படியோ ஒத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் ஒத்துக்கொள்கிற சில விஷயங்கள் அப்படியே நின்றுவிடுகின்றன, என்ன செய்ய.

நான்கைந்து வருஷமாக விரல்கள் படுத்த ஆரம்பித்தன. குளிர் பட்டால் நுனியெல்லாம் மெழுகுவத்தி மாதிரி வெளுக்கும். பிறகு நீலம் பாரிக்கும். சூடு ஏறும்போது உயிர் போகிற வலி வலிக்கும். போன குளிர்காலத்தில் வலது ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு புண் வந்து வசந்தகாலம் வரைக்கும் ஆறவில்லை. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

"கையுறை மட்டும் போதாது, மிஸஸ் ப்ராசர். உடம்பு முழுக்கச் சூடா இருக்கணும், ஏறி இறங்காம ஒரே மாதிரி. இன்னொரு குளிர்காலம் இப்படிப் போச்சுன்னா இந்த நுனி தங்காது."

ஊசி பிடிக்கிற விரல் அது. இட்வாலிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க, கண்ணு. கடிகாரம் திருப்பினதும் போட்டுக்கலாம்" என்றார். அப்போது செப்டம்பர் முடியவில்லை. அந்த வருஷம் குளிர் முந்திக்கொண்டு வந்திருந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் தந்த நிறச் சாட்டின் ஒன்றில் மணி தைத்துக்கொண்டிருந்தபோது, இடுப்புப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டைப் பார்த்தாள். எங்கிருந்து வந்தது என்று தேடினாள். ஊசி விரலுக்குள் இறங்கியிருந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை! தன் ரத்தக் கறைக்குத் தன் எச்சில்தான் மருந்து என்று தையல்காரிகளுக்குத் தெரியும். வெள்ளை நூலை வாயில் போட்டு மென்று, ஒற்றி ஒற்றிக் கறையை எடுத்துவிட்டாள். கறை போயிற்று. கோபம் போகவில்லை. இனி எவனையும் கேட்கப்போவதில்லை என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்தாள்.

நல்லவேளையாகப் பாடகர் குழு ஒரு விழாவுக்காக அயர்லாந்து கிளம்பிற்று. இட்வால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, போகிற போக்கில் திருகையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். பஸ் முனை திரும்பியதும் நெஸ்டா போனை எடுத்தாள்.

பாய்லர் வேலை பார்க்கும் ஷோனெட் மறுநாள் காலையில் வந்தாள். முப்பது வயதிருக்கும், வாய் ஓயாத பெண். நடையிலிருந்த திருகைப் பார்த்ததும், "அடேயப்பா, இது எங்க ஸ்கூல் காலத்து சாமானாச்சே! கழட்டிரட்டுமா?" என்றாள்.

"வேரோட."

கழற்றின இடத்தில் சுவர்த்தாள் வட்டமாக, புதுசாக, பூப்பூவாக இருந்தது. அதன்மேல் ஒரு வெள்ளை மூடியைப் போட்டு மறைத்துவிட்டு, ஷோனெட் சமையலறையில் பாய்லருக்குப் பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டியை மாட்டி வயர் கொடுத்தாள். பிறகு கையடக்கமான இன்னொன்றை எடுத்து, பேட்டரி போட்டு நெஸ்டாவிடம் நீட்டினாள். முகத்தில் எண்கள், பக்கத்தில் இரண்டு பட்டன், பின்னால் நிற்க வைக்க ஒரு கால்.

"இதை எந்தச் சுவத்துல மாட்டணும்?"

"எதுலயும் வேணாம். இதுக்கு வயரே கெடையாது. இதுக்கும் அந்தப் பெட்டிக்கும் பேச்சுவார்த்தை எல்லாம் காத்துலதான். இது 'குளிருது'ங்கும். அது 'இதோ எரியறேன்'ங்கும். 'போதும்'னா நின்னுடும். எங்க வீட்டுக்காரரைவிட இதுக்கு நல்லா காது கேக்கும்."

நெஸ்டா அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிருந்தது. ஷோனெட் பெட்டியின் பட்டனை அழுத்திப் பிடித்தாள். பச்சை விளக்கு துடித்து, துடித்து, பிறகு நிலையாக நின்றது. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டுவிட்டன என்றாள். அப்புறம் எந்த நேரத்துக்கு எவ்வளவு சூடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நெஸ்டாவையே பட்டனை அழுத்த வைத்தாள். காலையில் எழும்போது பத்தொன்பது. தையலுக்கு உட்காரும் நேரம் இருபத்தொன்று. படுக்கப் போகும்போது பதினெட்டு. ஒருத்தர் தன்னிடம் "உங்களுக்கு எவ்வளவு வேணும்?" என்று கேட்டதே நெஸ்டாவுக்குப் புதுசாக இருந்தது. முதல் தடவை இருபது என்று சொல்லிவிட்டு, பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "இல்ல. இருபத்தொண்ணு" என்று திருத்தினாள்.

கிளம்பும்போது ஷோனெட் வாசலில் நின்று சொன்னாள்: "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. இது இருக்கிற இடம்தான் மொத்த வீடும்னு பாய்லர் நெனச்சுக்கும். வெயில்ல வெச்சா வீடே கொதிக்குதுன்னு அணைஞ்சிடும். ரேடியேட்டர் மேல வேணாம், தையல் லைட் கிட்டயும் வேணாம்."

நெஸ்டா அதை மாடிக்குக் கொண்டுபோய்த் தையல் மேஜையின் இடது ஓரத்தில் நிறுத்தினாள். சற்று நேரத்தில், சுவரோரம் வெந்நீர் ஓடும் ரேடியேட்டர் டிக் டிக்கென்று முனகிற்று. மத்தியானத்துக்குள் விரல்களில் இளஞ்சிவப்பு ஏறிவிட்டது. சந்தில் ஆவி மேகமாக மிதந்தது. அந்தி சாய்வதற்குள் எதிர் வரிசை மியூரியல் கையில் பழக் கேக்கோடு கதவைத் தட்டினாள். கேக் ஒரு சாக்கு.

"நெஸ்டா, யாருக்காவது உடம்பு முடியலையா? காலையிலேருந்து ஆவி வருதே..."

"எல்லாரும் நல்லாதான் இருக்கோம். எனக்குக் குளிருச்சு, போட்டேன்."

"இப்பவேவா?"

"இப்பதானே குளிருது!"

உள்ளே வந்து உட்கார்ந்த மியூரியல், வெகு நேரம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. கோட்டை வேறு கழற்றிப் போட்டுக்கொண்டாள்.

இட்வால் திரும்பியது சனிக்கிழமை. பஸ் அடிவாரத்தில் நிற்க, பாடகர்கள் வழக்கம்போல் குறுக்கு வழியாகச் சந்தில் ஏறி வந்தார்கள். வீட்டுச் சுவரிலிருந்து ஆவி வருவதை முதலில் பார்த்தது இட்வால் அல்ல, கூட வந்த கெத்தின். "என்னடா இட்வால், உன் வீட்ல கப்பல் கிளம்புதா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மனுஷன் பெட்டியோடு சமையலறைக்குள் நுழைந்தபோது முகம் பீட்ரூட் மாதிரி இருந்தது.

"யாரைக் கேட்டு இந்தப் பெட்டியை மாட்டினே?"

"யாரைக் கேக்கணும்?"

"இது என் வீடு, நெஸ்டா."

"அப்ப நான் யாரு? வாடகைக்கு வந்தவளா?"

"தெருவே சிரிக்குது."

"சிரிக்கட்டும். தெருவுக்கா விரல் வெளுக்குது? எனக்கு வெளுக்குது. டாக்டரு சொன்னதைச் சொன்னேன், நீ கண்ணாடியைத் துடைச்சே. துடைச்சது போதும்."

இட்வால் நடைக்குப் போய், பழக்கதோஷத்தில் கையை நீட்டி, வெள்ளை மூடியைத் தடவிவிட்டு நின்றார்.

திங்கட்கிழமை நெஸ்டா கடைக்குப் போய்த் திரும்பியபோது மேஜை ஓரம் காலியாக இருந்தது. இட்வாலைக் கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. வயரில்லாத சாமான்தானே, வீட்டை விட்டு வெளியே கொண்டுபோனால் பேச்சு அறுந்துபோகும், பாய்லர் அணைந்துவிடும் என்பது டிப்போ மேஸ்திரியின் கணக்கு. அதைக் கொண்டுபோய்ப் பின்முற்றத்துக் கொட்டகையில், கவிழ்த்த பூந்தொட்டி ஒன்றுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

நெஸ்டா நாற்காலியில் உட்கார்ந்து, குளிரப்போகிறது என்று காத்திருந்தாள். குளிரவில்லை. சூடு ஏறிற்று. ஸ்வெட்டரைக் கழற்றினாள். இன்னும் ஏறிற்று. ஜன்னல் வழியே கொட்டகையைப் பார்த்தாள். ஈரம் சொட்டும் பலகைக் கொட்டகை. அதன் கதவுத் தாழ்ப்பாள், இட்வால் ஒருநாளும் போட மறக்காத தாழ்ப்பாள், சரியாக விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஷோனெட் சொன்னது அப்படியே மனசில் வந்தது. ஐயோ பாவமே! அந்தக் குளிர்ந்த கொட்டகைதான் மொத்த வீடும் என்று பாய்லர் நம்பிக்கொண்டிருக்கிறது. கொட்டகைக்கு இருபத்தொன்று வரும்வரை எரிவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு எரிகிறது. கொட்டகைக்கு இந்த ஜென்மத்தில் இருபத்தொன்று வராது.

அவள் வாயைத் திறக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மணி கோத்தாள். அந்தச் சில நாட்களில் அவள் தைத்த தையலைப் போல் வாழ்நாளில் தைத்ததில்லை.

இட்வால்தான் வெந்துபோனார். ரேடியேட்டர்களை ஒவ்வொன்றாக மூடப் பார்த்தார். குமிழ்கள் அசையவில்லை, வருஷா வருஷம் அவரே பெயின்ட் அடித்து அடித்து இறுகிப்போனவை. கடைசியில் பாய்லரின் சுவிட்சையே அணைத்தார். மறுநாள் காலை குளியலறையிலிருந்து ஒரு அலறல் கேட்டது.

"வெந்நி வரல!"

"அதே பாய்லர்தானே வெந்நியும் தருது? பச்சத்தண்ணியில ஷேவ் பண்ணிக்க. வீரம்தான் உனக்கு நெறைய இருக்கே," என்று மாடியிலிருந்து பதில் வந்தது. சற்று நேரத்தில் சுவிட்ச் மறுபடி போடப்பட்டது. இவள் எங்கேயோ இன்னொன்று மறைத்து வைத்திருக்கிறாள் என்று மனுஷன் சோபாவுக்கு அடியிலெல்லாம் தேடினார்.

வியாழக்கிழமை சபைக் கூரை ஒழுகியதால் அடித்தொண்டைக்காரர்கள் நால்வர் இட்வால் வீட்டுக்கே ஒத்திகைக்கு வந்தார்கள். முதல் பாட்டு முடிவதற்குள் டைகள் கழன்றன. இரண்டாவது பாட்டில் கெத்தின் சட்டைப் பட்டன்களைத் திறந்துவிட்டான். "ஏம்ப்பா இட்வால், வீட்டுக்குள்ள கண்ணாடிக் கூடாரம் போட்டுத் தக்காளி வளக்கறியா?" என்றான். இன்னொருவன், "நம்மளையெல்லாம் ஊர் ஊரா உபதேசம் பண்ணிட்டு, ஐயா இங்க கடற்கரை வெச்சு நடத்துறாரு" என்றான். ஒத்திகை அத்தோடு முடிந்தது. சிரித்துக்கொண்டே சந்தில் இறங்கிப் போனார்கள்.

இட்வால் மாடியேறி வந்து தையலறை வாசலில் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அணைக்கிற வழியைச் சொல்லு."

"கொட்டகையில ஒளிச்சு வெச்சதை எடுத்துட்டு வா. அங்க குளிருது, அதான் இங்க எரியுது."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "உனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல!"

"எதுக்கு? முப்பத்தாறு வருஷக் குளிர்ல இந்த ஒரு வாரம்தான் எனக்குக் கை மரத்துப்போகல."

அவர் விடுவிடுவென்று இறங்கிப் போய், மண் ஒட்டியிருந்த அந்தச் சாமானோடு திரும்பி வந்தார். மூச்சு வாங்கிற்று. "நாளைக்கே பழையதைத் திரும்ப மாட்டச் சொல்றேன். பதினாறுதான் இந்த வீட்ல."

நெஸ்டா ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். "மாட்டு. தாராளமா மாட்டு. நான் மெஷினைத் தூக்கிக்கிட்டு மியூரியல் வீட்டு மேல் ரூமுக்குப் போயிடறேன். கேட்டுட்டேன், சரின்னுட்டா. உன் பதினாறோட நீயே குடும்பம் நடத்து. விரலை அறுத்துப் போட்டுட்டு இங்க உக்காந்திருக்க நான் தயாரா இல்ல."

"மெரட்டறியா?"

"இல்ல. சொல்றேன்."

"எங்க அப்பா இந்த வீட்லதான் ஆறு பேரை வளத்தாரு. ஜன்னலுக்கு உள்பக்கம் பனி பூத்துக் கெடக்கும். யாரும் செத்துடல!"

"உங்க அம்மா செத்தாங்களே."

வார்த்தை அவளையும் மீறித்தான் வந்தது. ஆனால் வந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை. இட்வால் வாசற்படியிலேயே நின்றார். இத்தனை வருஷத்தில், திங்கட்கிழமைத் திருட்டைத் தவிர, அவர் இந்த அறைக்குள் காலை வைத்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தேநீர் கொண்டுவந்தால்கூட வாசலில் நின்று நீட்டுவார்.

"அது நெஞ்சுச் சளி," என்றார். குரல் அடித்தொண்டையிலிருந்து எங்கேயோ போய்விட்டிருந்தது. "இந்த ரூம்லதான். பிப்ரவரி. எனக்கு ஒம்பது வயசு. மாடியில நெருப்பு மூட்டமாட்டாரு அப்பா. புள்ள பொறக்கறதுக்கும் சாவுக்கும் மட்டும்தான் மூட்டணும்பாரு. நான் ஸ்கூல் விட்டு வந்து பாக்கறேன், அந்த அடுப்பு எரியுது." பலகை அடித்து மூடியிருந்த பழைய கணப்பைக் கையால் காட்டினார். "ரூமே கதகதன்னு இருந்துது. எனக்கு அவ்வளவு சந்தோஷம், நெஸ்டா. அம்மா கட்டில்ல ஏறிக் கைகாலை நீட்டிக்கிட்டுப் படுத்தேன். அப்பா ஏன் மூட்டியிருக்காருன்னு எனக்குப் புரியல. மறுநா காலையில புரிஞ்சுது."

முப்பத்தாறு வருஷம் ஒரே கட்டிலில் படுத்த மனுஷன் இதை ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நெஸ்டாவுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம்தான் பேசிற்று.

"வெளியில கரி கெடந்துச்சா?"

"அப்பாவுக்குச் சொரங்கத்துல சும்மா குடுக்கிற கரி. வாசல்ல குவிஞ்சு கெடக்கும். காசா பணமா."

"அப்ப ஏன் அன்னிக்கு மூட்டினாரு? ஒரு மாசம் முன்னாடி மூட்டியிருந்தா?"

அறுபது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி அது, இட்வாலும் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

"எனக்கும் சாகும்போதுதான் மூட்டுவியா, இட்வால்? எனக்கு உயிரோட இருக்கும்போதே சூடு வேணும்."

அவர் உள்ளே வந்தார். சூடு வெளியே போகாமல் கதவைச் சாத்தினார். கையிலிருந்ததைச் சட்டையில் துடைத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறி, மேஜையில் சாட்டினுக்குப் பக்கத்தில் வைத்தார். பெண்கள் அளவு கொடுக்க வரும்போது உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன.

நெஸ்டா அந்தச் சாமானை எடுத்துத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"அழணும்னா நல்லா அழு," என்றாள். "ஆனா இதை மட்டும் இனிமே தொடாதே."